யாருக்குக் கீழேயும் இல்லை

எங்கள் தெருவில் வரி அலுவலகத்துக்குப் பயப்படாத கடைக்காரி நான் ஒருத்திதான். இதை வீரம் என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது? வெளியாளுக்கு வேலை கொடுத்துப் பணம் கொடுத்தால், வருடக் கடைசியில் அவர் பெயர், அவருடைய வரி எண், மொத்தம் கொடுத்தது எவ்வளவு என்று அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். எதிர்வரிசைக் கண்ணாடிக் கடைக்காரர் பணத்தைக் கையில் கொடுத்துக் கணக்கைக் காற்றில் விடுகிறவர். என்னைப் பார்த்தால் போதும், "வாங்க, கவர்மென்ட்டுக்குச் சொந்தக்காரங்களே" என்பார். நானும் சும்மா விடமாட்டேன். "உங்களைப் பிடிக்க வரும்போது முன்னாடியே சொல்லி அனுப்பறேன், பின்வாசல் வழியா ஓடிடுங்க" என்பேன்.

என்னுடையது திரைச்சீலைக் கடை. ஜன்னலை அளவெடுப்பது, துணி வெட்டுவது, தைப்பது, வீட்டுக்கே போய்ச் சுவரில் துளை போட்டுக் கம்பி பொருத்தி மாட்டிக் கொடுப்பது வரை எங்கள் பொறுப்பு. தைக்க இரண்டு பெண்கள் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள். மாட்டும் வேலைக்கு ஒருவன் இருந்தான். அவனை நாங்கள் எல்லோரும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவோம்.

பெயர் நான் வைத்தது. பெரிய பர்னிச்சர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். அங்கே தினமும் வேலை முடிந்து போகும்போது வாசலில் நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்களாம். சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடி திறந்து காட்ட வேண்டுமாம். தையல்காரப் பெண்களைப் போலவே மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"மாசச் சம்பளம் வேணாம்க்கா. ஒரு ஜன்னலுக்கு இவ்வளவுன்னு குடுங்க. இன்னொருத்தர் கேட்டைத் தொறந்து விடற வரைக்கும் கையைக் கட்டிட்டு நின்ன பொழப்பு போதும்."

"லீவுக்குக் காசு வராது. கீழ விழுந்தா கேக்க ஆள் கிடையாது. இன்ஷூரன்ஸ் நீயேதான் கட்டிக்கணும். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான்க்கா வந்திருக்கேன்."

"சரிங்க மொதலாளி" என்று நான் பெரிய கும்பிடாகப் போட்டேன். தையல் மெஷினில் இருந்த இருவரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

அவனிடம் வரி எண் இல்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தேன். அந்த வருடக் கடைசியில் முதல் நகலை அவனிடம் நீட்டினேன். அவன் பெயருக்கு நேரே 'தனித்தொழில் செய்பவர்' என்று அச்சடித்திருந்தது. துணிச்சுருள்களுக்கு நடுவில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு ஓடிப் போய்க் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நகல் வாங்க வரும் நாளில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவான். வரி கட்டச் சொல்லும் தாளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவன் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நான் சில காரியங்கள் செய்தேன். கடையின் பழைய வேனை அவன் பெயருக்கே மாற்றிக் கொடுத்தேன். டிரில் மெஷின், ஏணி, பெட்டி எல்லாவற்றையும் அவன் பெயரில் பில் போட்டு வாங்கிக் கொடுத்தேன். கடைச் சாமானைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனாக அவன் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். வேனின் பக்கவாட்டில் அவன் பெயரைப் பெரிதாக எழுத வைத்தவளும் நான்தான். எழுத்து கோணலாக இருக்கிறது என்று பெயின்டரோடு சண்டை போட்டதும் நான்தான். இன்ஷூரன்ஸ் கட்டினாயா என்று மட்டும் வருடா வருடம் நச்சரித்தேன். ஒரு வருடம் கட்டினான். குழந்தை பிறந்த வருடம் விட்டுவிட்டான். அடுத்த வருடம் பார்க்கலாம்க்கா என்றான்.

அந்த வருடம் ஒரு நாள் அவன் மாட்டப் போனது, மாடிப்படிக்கு மேலே உயரமாக ஒரு ஜன்னல் வைத்த வீடு. தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்ததாம். ஏணியின் கால் வழுக்கிவிட்டது. போன் செய்த வீட்டுக்காரம்மாவுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. "கண்ணைத் திறந்துதான் இருக்கார், ஆனா காலை அசைக்கச் சொன்னா அசைக்க மாட்டேங்கறார்" என்றார். கடையைத் தையல்காரப் பெண்களிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி வரப்போவதும் இல்லை என்று டாக்டர் என்னிடம்தான் முதலில் சொன்னார். ஆஸ்பத்திரி நடைவழியில் அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, எப்ப நடப்பாராம்?" என்று கேட்டாள். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்று ஊரே சொல்லும். அன்று கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என் ஆடிட்டர் கடைக்கு வந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கொடுப்பவர் போல அளந்து பேசும் மனிதர்.

"ஒரு வழி இருக்கு" என்றார். "தொழிலாளர் விபத்து நிதி. ஆனா அது சம்பளத்துக்கு இருக்கறவங்களுக்குத்தான். தனித்தொழில்காரங்களுக்கு இல்ல."

"அவன் தனித்தொழில்னுதானே வருஷா வருஷம் எழுதி அனுப்பினோம்?"

"எழுதினது முக்கியமில்ல. நிஜத்துல எப்படி வேலை செஞ்சார்ங்கறதை விசாரிப்பாங்க. உங்களுக்குக் கீழதான் வேலை பார்த்தார்னு அவங்க முடிவு பண்ணிட்டா, ஆயுசுக்கும் மாசாமாசம் பணம் வரும். மருந்து, சக்கர நாற்காலி, எல்லாம் அவங்க பொறுப்பு."

"அப்புறம் என்ன யோசனை?"

"இத்தனை வருஷம் தப்பா தெரிவிச்சதுக்கு உங்களுக்கு அபராதம். நிதிக்குக் கட்டாம விட்ட உங்க பங்கும் வட்டியும் சேரும். கடை தாங்காது."

அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். "கடை போனா இன்னொரு கடை வச்சுக்கலாம்" என்றார். மறுநாளே நான் நிதிக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். தப்பாகத் தெரிவித்தது நான்தான், அவன் என் வேலையாள்தான் என்று என் கையாலேயே எழுதினேன்.

நிதி அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவள், முகத்தில் களைப்பு இருந்தது. உட்காரும் முன்னே தையல்காரப் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். நான் பொய் சொல்லத் தயாராக இருந்தேன். கணக்கில் ஒரு காசு பிசகவிடாத நான், முதல் நாள் முழுக்கப் பொய்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அவர் எத்தனை மணிக்கு வரணும்னு யார் சொல்வாங்க?"

"நான்தான். நான் சொல்ற நேரத்துக்கு வந்தாகணும்."

"கஸ்டமரோட அவரே பேசி நேரம் வச்சுப்பார்னு அவங்க சொன்னாங்களே."

தையல்காரப் பெண்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன். பாவம், அவர்கள் நல்லது செய்வதாக நினைத்து அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"டிரில், ஏணி எல்லாம் கடையோடதா?"

"கடையோடதுதான்."

அவள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். விபத்து நடந்த வீட்டில் எடுத்தது. பெட்டியின் மூடியில் அவன் பெயர் பெயின்டில் இருந்தது.

"வேன் அவர் பேர்ல இருக்கு. முன்னாடி உங்க பேர்ல இருந்திருக்கு. எதுக்கு மாத்தினீங்க?"

எதற்கு என்று சொல்வது? அவன் அதில் ஏறி உட்காரும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்வாள்? பழைய வண்டி, ரிப்பேர்ச் செலவு என்று எதையோ உளறினேன்.

"அவர் வர முடியாதப்ப தனக்குப் பதிலா வேற ஆளை அனுப்பினதுண்டா?"

அவன் மனைவிக்குப் பிரசவம் ஆன வாரத்தில் அவளுடைய அண்ணனை அனுப்பி வைத்திருந்தான். பொறுப்பாக ஆள் அனுப்பியிருக்கிறானே என்று எனக்குச் சந்தோஷம். வந்தவருக்குச் சாப்பாடு போட்டு, வேலைக்குப் பணமும் கொடுத்தேன். அதையும் ஒழுங்காகக் கணக்கில் ஏற்றி வரி அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்தேன். இல்லை என்று எப்படிச் சொல்வது? சம்பளக்காரன் தனக்குப் பதில் இன்னொருவனை அனுப்ப முடியாது. தொழில் செய்கிறவன்தான் அனுப்புவான்.

"உண்டு" என்றேன்.

அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு சுத்தமா கணக்கு காட்டின ஒரு கடையை நான் பார்த்ததே இல்ல."

பாராட்டுகிறாளாம். எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணாடிக் கடைக்காரரைப் போலப் பணத்தைக் கையில் திணித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இன்று அவனை வேலையாள் என்று நிரூபிப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். நான் நியாயமாக நடந்துகொண்ட ஒவ்வொரு வருடமும், அவன்மேல் பாசம் வைத்துச் செய்த ஒவ்வொரு காரியமும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அவள் எதிரிலேயே அழுதேன்.

போகும்போது வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். "இன்னும் முடியல. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போறேன். அவர் என்ன சொல்றார்ங்கறதுதான் முக்கியம். உங்க பேச்சைக் கேட்டுத்தான் எல்லாம் செஞ்சேன், மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு அவர் வாயால சொன்னா, நான் எழுத வேண்டியதை எழுதிடுவேன்."

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலை முன்னறையில் ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். ஊரில் பாதி வீட்டுக்குத் திரை மாட்டியவன் வீட்டு ஜன்னலில் ஒரு பழைய போர்வை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அதை வைத்தே அவனை ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன்.

"ஒண்ணுமில்லடா, நாளைக்கு ரெண்டே வார்த்தை" என்று ஆரம்பித்தேன். "அக்கா வான்னா வருவேன், போன்னா போவேன். முடியாதுன்னு சொன்னா வேலை போயிடும். இவ்வளவுதான் சொல்லணும்."

"அப்படி ஒரு நாளாவது இருந்தேனாக்கா?"

"இல்லதான். சொல்லேன், என்ன குறைஞ்சு போச்சு?"

"கடைக்கு எவ்வளவு அபராதம் வரும்?"

"அது உனக்கு எதுக்கு?"

"ஆடிட்டர் சாருக்குப் போன் பண்ணினேன். கடை தாங்காதுன்னார்."

அளந்து பேசும் மனிதர் இதை மட்டும் தாராளமாகப் பேசியிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "போனா போகட்டும்டா! அது என் கடை. நான் மூடுவேன், தொறப்பேன், கொளுத்துவேன். நீ கேக்காதே."

"கடைக்காக மட்டும் சொல்லலக்கா" என்றான். "இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் இல்ல. மேல மிச்சம் இருக்கறதையும் எழுதிக் குடுத்துடச் சொல்றீங்களா?"

அப்போதே நான் வாயை மூடியிருக்கலாம். என் வாய் என்றைக்கு மூடியது? "இந்த வீம்பைக் கரைச்சுக் குடுத்தா உன் பிள்ளைக்குப் பசி அடங்குமா?" என்று கத்தினேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். உடம்பைத் திருப்ப முடியாதவன் முகத்தை மட்டும் திருப்பியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சமையலறை வாசலில் அவன் மனைவி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அதிகாரி வந்தபோது நானும் இருந்தேன். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து அவனை உட்கார வைத்திருந்தார்கள். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அவள் நல்லவள். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாள். அக்கா சொன்னதால் போனீர்களா, அக்கா கோபித்துக்கொள்வார் என்று பயந்தீர்களா, வேறு கடைக்குப் போக முடியாத நிலைமையா என்று வெள்ளத்தில் போகிறவனுக்குக் கிளையை நீட்டுவது போல நீட்டி நீட்டிப் பார்த்தாள். அவன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"இவங்க எனக்கு அக்கா. நான் இவங்ககிட்ட வேலைக்கு இருக்கல. வேலையை எடுத்து செஞ்சேன். நான் யாருக்குக் கீழேயும் இல்லம்மா."

"பொய் சொல்றான்!" என்று நான் எழுந்துவிட்டேன். "எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சான். எழுதிக்கோங்க."

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் அதிகாரி.

வாசற்படியில் நின்றேன். உள்ளே அவன் குரல் தெளிவாக, மரியாதையாக, ஒரு வியாபாரியின் குரலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்தவள் என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நிதியில் அவனுக்கு இடமில்லை என்று முடிவு வந்தது. ஆடிட்டர் போன் செய்து, "நல்லவேளை, நம்ம பக்கம் எந்தத் தப்பும் இல்லன்னு எழுதியிருக்காங்க. அபராதம் கிடையாது" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அவர் வேறு கடையின் கணக்கைப் பார்க்கப் போயிருப்பார்.

கண்ணாடிக் கடைக்காரர் தெருவில் வசூல் செய்து ஒரு உறையை என் மேஜையில் வைத்தார். "இதையும் எங்கயாவது எழுதித் தொலைச்சுடாதீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த உறை மறுநாளே திரும்பி வந்தது. நான் கொடுத்தனுப்பியதும் திரும்பி வந்தது. இது எந்த வேலைக்குக் கூலி என்று கேட்கச் சொன்னானாம். பால்காரருக்கும் மருந்துக் கடைக்கும் அவனுக்குத் தெரியாமல் நான் பணம் கட்டியதைக் கண்டுபிடித்து, வேனை விற்று அதையும் அடைத்துவிட்டான்.

ஒரு நாள் காலையில், கடை திறந்த கையோடு அவன் மனைவி வந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"அக்கா, எனக்கு மெஷின்ல ஓரம் அடிக்க வரும். வேலை குடுப்பீங்களா?"

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மடமடவென்று திட்டம் போட்டேன். "நீ இங்க வர வேணாம்மா. புது மெஷின் ஒண்ணு உன் பேர்லயே வாங்கி வீட்டுல போட்டுத் தரேன். துணியைக் குடுத்தனுப்பறேன். ஒரு திரைக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கோ. உனக்கு முடிஞ்சப்ப தைச்சா போதும். அவனையும் பார்த்துக்கலாம்."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. பகல்ல அண்ணி வந்து அவரைப் பார்த்துப்பாங்க. நான் கடைக்கே வரேன். நீங்க வரச் சொல்ற நேரத்துக்கு வரேன், போகச் சொல்றப்ப போறேன். உங்க மெஷின், உங்க கத்திரிக்கோல். எதையும் என் பேர்ல வாங்காதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குன்னு பாசமா எதுவும் செஞ்சுடாதீங்கக்கா. மாசச் சம்பளம் குடுங்க. வேலைக்காரின்னே எழுதுங்க."

வேலையாள் சேர்ப்புப் படிவத்தை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். விபத்துக் காப்பீட்டுப் பகுதியில் நான் எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்ட பிறகு, மெஷினில் இருந்த பெண்களை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் போன்ல கேட்டார்னா மட்டும், நான் தனியா காண்ட்ராக்ட் எடுத்துத் தைக்கறேன்னு சொல்லிடுங்கக்கா. அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். சந்தோஷமா அனுப்பி வச்சார்."

சரி என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எந்த மெஷினில் உட்கார வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.